வலது பின் சக்கரத்தில் படிகாரம்

திருத்தணியில் புது வண்டி எடுக்கிறவர்கள் அதை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மலைக்குத்தான் கொண்டுபோவார்கள். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. மொபெட்டுக்கும் இதேதான், லாரிக்கும் இதேதான். ஆந்திராவிலிருந்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறவர்களும் உண்டு. அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் முதல் கார் வாங்கி, அதை நேராக வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். கண் திருஷ்டி, சகுனம், ராகுகாலம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன் என்று தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். என் மனைவி அப்படி இல்லை. மலைக்கு வேண்டாம், வாசலிலாவது நான்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் உராய்வைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே போய் நான்கு பழத்தையும் ரசத்தில் பிழிந்துவிட்டாள். அன்றைக்கு ரசம் வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் ஜெயித்தவன் நான் என்பதால் இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

எங்கள் குடித்தனத்துக்கு இருபத்தாறு வயது. சமையல், சேமிப்பு, உறவுக்காரர்களைச் சமாளிப்பது, பிள்ளையை வளர்த்தது எல்லாவற்றிலும் அவள் கைதான் ஓங்கியிருக்கும். அறிவு என்ற இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அவளைவிட ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு படியும் போய்விட்டால் வீட்டில் எனக்கு உட்கார வேறு இடம் கிடையாது.

காரில் கைப்பிடி பிரேக் கிடையாது. கியர் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். அதை மேலே இழுத்தால் பின்சக்கரம் இரண்டிலும் இருக்கும் குட்டி மோட்டார்கள் ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தம் போட்டு பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினால் விட்டுவிடும். வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதை இழுத்துக் காட்டினேன். பால்காரருக்கு இரண்டு முறை காட்டினேன்.

அடுத்த வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வாக்கிங் போகும்போது கார் பக்கத்தில் நின்று பானட்டைத் தடவிக் கொடுப்பார்.

“சார், வண்டி கப்பல் மாதிரி கீது சார்!”

அவர் முதல் முறை சொன்ன அன்றைக்கு பஞ்சர். இரண்டாவது முறை சொன்ன அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று வைப்பர் ரப்பரை உருவிக்கொண்டு போனது. மூன்றாவது முறை சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, ஒரு ஆட்டோ கதவில் கோடு போட்டுவிட்டுப் போனது. மூன்று சம்பவம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். நான்காவது நாள் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே பஸ் பிடித்து ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். திருத்தணியிலும் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். ஆர்.கே.பேட்டைக் கடையில் படிகாரம் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து, “சார், நீங்களா? பிளஸ் டூல உங்க கிளாஸ்தான். திருஷ்டிக்கா சார்?” என்றார்.

“சவரத்துக்கு” என்றேன்.

“அப்ப கருப்புக் கயிறு?”

“அதுவும் ஒண்ணு குடு.”

கருப்புக் கயிறை வைத்து எப்படிச் சவரம் செய்துகொள்வது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மாணவர்.

கிருத்திகை வந்தது. மனைவி மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய கோணியை விரித்து காருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். எல்லோரும் முன்பக்கம் நம்பர் பிளேட் கிட்டே கட்டுவார்கள். நான் யார் கண்ணிலும் படாத இடம் தேடினேன். வலது பின் சக்கரத்துக்கு உள்பக்கம், கட்டுவதற்கென்றே விட்டுவைத்தது போல ஒரு கருப்புக் கம்பி வளைந்து போனது. நெல்லிக்காய் அளவு படிகாரத்தை அதில் இறுக்கிக் கட்டினேன். வெளியே வந்து கை கழுவியதும், சும்மா சொல்லக்கூடாது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு அடுத்த வீட்டுக்காரர் கப்பல் என்றாலும் விமானம் என்றாலும் கவலைப்படவில்லை. ஐப்பசி மழை வந்தது, கார்த்திகை மழை வந்தது, காருக்கு ஒரு கீறல் விழவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரியில் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும், அத்தையான என் மனைவி இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். பழத்தட்டு, பட்டுப்புடவை, பூ எல்லாம் பின்சீட்டில் ஏறிவிட்டது. காரை கேட் வரை ஓட்டி வந்து, பூட்டை எடுத்து வருவதற்காக சுவிட்சை இழுத்துவிட்டு இறங்கினேன். திரும்பி வந்து சுவிட்சை அழுத்தினால் பிரேக் விடவில்லை. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கியது. பார்க்கிங் பிரேக்கில் கோளாறு என்று எழுத்தும் வந்தது. கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். கார் வலது பக்கம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு முனகியது. பாதி கார் வீட்டுக்குள்ளும் பாதி கார் தெருவிலுமாக நின்றுவிட்டோம்.

அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி கார்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறவர், கை சுத்தம், பேச்சும் கம்மி. அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார்.

“சார், கால் பிரேக்க மிதிச்சிகினு சுவிட்ச அழுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.”

அழுத்தினேன். பாய் காருக்குப் பின்னால் உட்கார்ந்து காதைச் சாய்த்தார். மறுபடி இழுக்கச் சொன்னார், மறுபடி அழுத்தச் சொன்னார்.

“இடது பக்கம் மோட்டார் சுத்துது. வலது பக்கம் பேச்சு மூச்சே இல்ல. வலது பின் சக்கரத்தக் கழட்டணும் சார்.”

மனைவி பட்டுப்புடவையில் பாய்க்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரரும் வாக்கிங் முடித்து வந்து சேர்ந்துவிட்டார். படிகாரத்துக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. என் கவலையெல்லாம், சக்கரத்தைக் கழற்றினால் அது வெளியே தெரியும் என்பதுதான்.

“பேட்டரியா இருக்கும் பாய்” என்றேன். “வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் சுத்தாது.”

“ஒரு பக்கம் சுத்துதே சார்.”

“ரெண்டு மோட்டாருக்கும் மின்தடை ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.”

பாய் மீட்டரை எடுத்து வந்து பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே காட்டியது. பிறகு நான் பியூஸைப் பார்க்கச் சொன்னேன். பியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சைப் பார்க்கச் சொன்னேன். சுவிட்சைச் சுற்றி இருந்த மூடியைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கிச் செருகி, அதுவும் நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினார். அதன் திரையில் வலது பின் மோட்டாருக்குப் போகும் மின்சுற்று அறுந்திருப்பதாக வந்தது.

“மிஷின் தப்பா காட்டலாம் இல்ல?” என்றேன்.

“ஒரு வாட்டி தப்பா காட்டும் சார். என் காது, மீட்டர், மிஷின் மூணும் ஒண்ணாவா தப்பா காட்டும்?”

மூன்று சம்பவம் பற்றிய என் பாடத்தை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மனைவியை அங்கிருந்து கிளப்பினால் போதும் என்று தோன்றியது. “பாய்க்கு டீ போட்டு எடுத்துகினு வாயேன்” என்றேன். போட்டு வைத்திருந்தவள் மாதிரி இரண்டே நிமிடத்தில் கொண்டு வந்துவிட்டாள். “பேசாம நீ பஸ்ல போயிடு, நான் பின்னாடியே வரேன்” என்றேன்.

“கார்ல வரோம்னு சம்பந்தி வீட்டுக்காரங்க கிட்டல்லாம் தம்பி சொல்லி வச்சிகீறான். நான் பழத்தட்டத் தூக்கிகினு பஸ்ல போயி எறங்கட்டுமா?”

அந்த நேரம் பார்த்து மைத்துனரே போனில் வந்தார். “பாவா, எங்க வந்துகினு கீறீங்க?” என்றார். “கிளம்பிட்டோம்” என்றேன். பாதி கார் கிளம்பித்தான் இருந்தது.

பாய் கல் எடுக்கத் தெருமுனைக்குப் போனார். ஜாக்கி போடுவதற்கு முன்னால் முன்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். இதுதான் சமயம் என்று புது வேட்டியோடு தரையில் படுத்துக் காருக்கு அடியில் கையை விட்டேன். சக்கரத்தின் விளிம்பு வரைதான் கை எட்டியது.

“என்னாங்க பண்றீங்க?” என்று மனைவி குனிந்தாள்.

“உராய்வு பாக்கறேன்” என்றேன்.

“வேட்டியெல்லாம் கிரீஸ்” என்றாள்.

சக்கரம் கழன்றது. பாய் தலையை உள்ளே விட்டார். வெகு நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது நேராக என்னைத்தான் பார்த்தார். கார் வைத்திருக்கிறவர்களின் ரகசியங்கள் மெக்கானிக்குகளுக்குத் தெரியாமல் இருக்காது. கையிலிருந்த எண்ணெய்த் துணிக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு, “ஏதோ குப்பை மாட்டிகினு கீது சார், ஒண்ணும் இல்ல” என்றார். அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் கருப்புக் கயிற்றின் முனை துணிக்கு வெளியே ஒரு சாண் தொங்கியது.

“குப்பையா? காட்டு பாய்” என்று அடுத்த வீட்டுக்காரர் துணியைப் பிரித்துவிட்டார். கயிறு, அதன் நடுவில் மழையில் கரைந்து கற்கண்டு அளவுக்குத் தேய்ந்துபோன படிகாரம். அவர் பானட் வரைக்கும் பின்னால் போய் அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

“சார், இது யாரோ செஞ்சி வச்சது சார். திருஷ்டிக்குக் கட்டறவன் முன்னாடி கட்டுவான். திருட்டுத்தனமா பின்னாடி சக்கரத்துக்குள்ள எவன் கட்டுவான்? அதுவும் பிரேக்குல! இது செய்வினை சார். நகரி பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு கீறாரு, எடுத்துடுவாரு.” சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. பாயின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“போன வாரம் உங்க அக்கா வந்தாங்க இல்ல? வண்டிக்கு அடியில குனிஞ்சி குனிஞ்சி பாத்தாங்களே.”

அக்கா குனிந்தது நிஜம். வாசலில் விட்ட செருப்பில் ஒன்றை நாய் இழுத்துக்கொண்டுபோய்க் காருக்கு அடியில் போட்டிருந்தது. ஆனால் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “நாம என்னாங்க பண்ணோம் அவங்களுக்கு? நல்ல காரியத்துக்குக் கிளம்பற அன்னிக்கு...” என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் அறிவு பிழைத்துக்கொள்ளும், அக்கா உறவு போய்விடும், மனைவி இனி இந்தக் காரில் ஏறும்போதெல்லாம் பயந்துகொண்டே ஏறுவாள். உண்மையைச் சொன்னால் வீட்டில் எனக்கு இருந்த அந்த ஒரு படி போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் போனில் நம்பர் தேடி முடிக்கும் வரைக்கும் யோசித்தேன்.

“நான்தான் கட்டினேன்.”

“என்னாது?” என்றாள் மனைவி.

“கண் திருஷ்டிக்கு. படிகாரம். நான்தான் கட்டினேன்.”

பாய் குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் போனை மெல்ல இறக்கினார்.

“யார் கண்ணு சார்?” என்றார்.

அவருடைய வலது கை அப்போதும் பானட்டின் மேல் இருந்தது. நான் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தேன். “பொதுவா” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். வீட்டில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் எனக்கு நடந்ததை விளக்கினார். நான் கம்பி என்று நினைத்தது மோட்டாருக்குப் போகும் ஒயர். படிகாரம் மழையில் கரைந்து அந்த ஒயர் வழியாகவே இறங்கி, அது மோட்டாரில் செருகியிருக்கும் கனெக்டருக்குள் போயிருக்கிறது. பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சை பூத்து, இரண்டு உலோக முள்ளில் ஒன்று அரித்துத் தீக்குச்சி முனை மாதிரி நின்றது. படிகாரம் கரைந்த தண்ணீர் ஒரு அமிலம் என்றும், உலோகத்தின் மேல் அமிலம் என்ன செய்யும் என்றும் வருடா வருடம் பக்கத்து வகுப்பில் வேதியியல் ஆசிரியர் நடத்துவது என் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

“முன்னாடி நம்பர் பிளேட்டுல கட்டியிருந்தீங்கன்னா ஒரு கேடும் இல்ல சார்” என்றார் பாய். அவர் கிண்டல் செய்யவில்லை. தொழில் ரீதியாகச் சொன்னார்.

மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருந்த திருகாணியைக் கையால் திருப்பி பிரேக்கை விடுவித்தார். பட்டறையிலிருந்து பழைய ஒயரிங் ஒன்றை வரவழைத்து அதிலிருந்த கனெக்டரை வெட்டிச் சேர்த்து, டேப் சுற்றி, மோட்டாரை மாட்டினார். கருவியில் எதையோ அழுத்தினார். மோட்டார்கள் முழுசாகத் திறந்து முழுசாக மூடின. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தார். இந்த முறை இரண்டு பக்கமும் சத்தம் ஒன்றாக வந்தது, மஞ்சள் விளக்கும் அணைந்தது. மனைவி அவருக்கு இன்னொரு டம்ளர் டீ கொண்டு வந்தாள். எனக்குக் கொண்டு வரவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினோம். வேறு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பாள், குத்திக் காட்டுவாள், நகரியில் தம்பி வீட்டில் எல்லோரிடமும் சொல்லுவாள் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயார் செய்துகொண்டே ஓட்டினேன். பொன்பாடி தாண்டியதும்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“உங்களுக்கு ஸ்டென்ட் வச்சி ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிகினு வந்தோம் இல்ல?”

மூன்று வருடம் இருக்கும். “ஆங்” என்றேன்.

“அன்னிக்கு, சுத்திப் போடறேன், அஞ்சு நிமிஷம் உக்காருங்கன்னு கேட்டேன்.”

கேட்டாள். பார்க்க வந்திருந்த பத்துப் பேர் முன்னால் நான் கத்தினதும் நினைவுக்கு வந்தது. உப்பும் மிளகாயும் ரத்தக்குழாய் அடைப்பை நீக்குமானால் டாக்டர்கள் எதற்கு என்று கேட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையிலிருந்ததைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது.

“தெனம் சாயங்காலம் நீங்க நடக்கப் போவீங்க. அப்ப கொடியில காயற உங்க சட்டைய எடுத்து நாற்காலி மேல போட்டு, அதுக்குச் சுத்திப் போடுவேன். நம்ம வீட்டுல போட்டா மொளகா நெடி இருக்கும், நீங்க கண்டுபுடிச்சிடுவீங்கன்னு பக்கத்து வீட்டம்மாவோட வெந்நீர் அடுப்புல கொண்டும்போயி போடுவேன். நாப்பத்தெட்டு நாளு.”

நாற்காலியில் என் சட்டையைப் போட்டு, அதற்கு எதிரில் நின்று, நான் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கையைச் சுற்றியிருக்கிறாள். கண்ணாடியைத் துடைப்பது போல ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா உக்காந்திருப்பீங்களா?”

உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு காருக்காக அதன் அடியில் கோணி விரித்து மல்லாந்து படுக்கத் தெரிந்த எனக்கு, அவளுக்காக ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காரத் தோன்றியிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பின்சீட்டுப் பக்கம் திரும்பி, சரிந்திருந்த பழத்தட்டை நேராக எடுத்து வைத்தாள்.